டிஎஸ்எல் கம்பியை விட்டு 5ஜி ரவுட்டருக்கு மாறலாமா?

மாடிவீடு:
வீட்டில் இருப்பது டிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பி வழி இன்டர்நெட். டவுன்லோட் 16, அப்லோட் 1 எம்பிபிஎஸ். தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. சிம் போடும் 5ஜி ரவுட்டருக்கு மாறலாம் என்று யோசனை. போனில் சோதித்தால் 180 காட்டுகிறது. இரண்டு பேருக்குப் பகல் முழுக்க வீடியோ கால், பையனுக்கு ஆன்லைன் கேம். வாசலில் இரண்டு கேமரா. போர்ட் ஃபார்வர்டு செய்து (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் கேமராவுக்கு அனுப்பும்படி வைத்து) வெளியூரிலிருந்து பார்க்கிறோம். மாறினால் எங்கே இடிக்கும்?

அலைவரிசை:
அந்த 180-ஐ எத்தனை மணிக்குப் பார்த்தீங்க? டவரின் ஒரு பக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த வேகம். காலையில் 180 வரும் இடத்தில் இரவு 9 மணிக்கு 15 வந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு வாரம், முக்கியமாக இரவு 8 முதல் 11 வரை, சோதிச்சுப் பாருங்க. இன்னொன்று: நெரிசல் நேரத்தில் போன் சிம்முக்கு முதல் வரிசை, வீட்டு பிளானுக்குப் பின் வரிசை என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அதனால் போன் சோதனையைப் பாதிதான் நம்பணும்.

வேகத்தை விட சிக்னல் எண்கள் உண்மை பேசும். ஐபோனில் *3001#12345#* டயல் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் *#*#4636#*#*. ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம், 0-க்கு நெருங்க நெருங்க நல்லது. அது -90-ஐ விட மேலே இருந்தால் நிம்மதி. -100-க்குக் கீழே போனால் ரவுட்டருக்கு வேறு இடம் தேடணும், -110 என்றால் வெளியே ஆன்டெனா வைக்கணும். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 20-க்கு மேல் அருமை, 10 இருந்தால் ஓடும். 0-க்குக் கீழே என்றால் போனில் டவர் ஃபுல்லாகக் காட்டும், வேகம் மட்டும் வராது. இரண்டு டவர் ஒரே பலத்தில் மோதும் வீடுகளில் நடப்பது இதுதான்.

நாட்டுக்குள்நாட்டு:
கேமராதான் முதலில் நிற்கும். மாறிய பிறகு ரவுட்டரின் வான் ஐபியை (இன்டர்நெட் பக்கத்தில் அதற்குக் கிடைத்த முகவரியை) பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அது சிஜிநாட். ஒரே பொது ஐபியைப் பலர் பகிர்கிறார்கள். போர்ட் ஃபார்வர்டு எவ்வளவு சரியாகப் போட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. வீட்டிலிருந்து வெளியே ஒரு வாடகை சர்வருக்கு வயர்கார்டு டனல் (ஒரு வகை விபிஎன் இணைப்பு) போட்டு, அதன் வழியே உள்ளே வரலாம். கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) 25 விநாடி வையுங்கள், இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் டனல் செத்துவிடும்.

கேமரா நிறுவனத்தின் கிளவுட் ஆப் என்றால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் 2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்று 24 மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி. இரண்டுக்கும் மாதம் சுமார் 1,300 ஜிபி! அன்லிமிடெட் என்று விற்கும் பிளானிலும் எஃப்யூபி (எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்ற வரம்பு) எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். பதிவை மெமரி கார்டில் வைத்து, அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பச் சொன்னால் போதும்.

மாடிவீடு:
நன்றி. இரவு 9 மணிக்குப் பார்த்தேன். ஹாலில் ஆர்எஸ்ஆர்பி -104, எஸ்ஐஎன்ஆர் 4, வேகம் 22. மாடி ஜன்னலில் -87, 16, வேகம் 95. கீழே வைஃபை ரிப்பீட்டர் போட்டால் போதுமா?

அலைவரிசை:
ரிப்பீட்டர் வேண்டாம், அது பிங்கை (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை) கெடுக்கும். ரவுட்டர் மாடி ஜன்னலிலேயே இருக்கட்டும். அங்கிருந்து கேட்6 கேபிள் இறக்கி, ஹாலில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி). 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும். ஜன்னலைத் திறந்தும் மூடியும் ஒரு தடவை அளந்து பாருங்க. வெயில் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடி சிக்னலை நன்றாகவே விழுங்கும்.

பிங்வேட்டை:
கேமை யாரும் சொல்லவில்லையே. ஒரு பக்கம் பெரிய ஃபைல் அப்லோட் ஓட, மறுபக்கம் பிங் போட்டுப் பாருங்க. 40 மில்லிசெகண்டில் இருந்தது 400-க்கு ஏறினால் கேமும் போச்சு, வீடியோ காலும் போச்சு. எஸ்க்யூஎம் (வரிசையில் தகவல் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி) உள்ள ரவுட்டரில், இரவில் கிடைக்கும் குறைந்த வேகத்தில் 85 சதவீதத்துக்கு வரம்பு வைங்க. கம்பி மாதிரி செல் வேகம் ஒரே அளவில் நிற்காது, அதனால் வரம்பை ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்டிருந்தால், கேக் ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் அதைத் தானாகவே ஏற்றி இறக்கும்.

டிஎஸ்எல்லை ஒரு மாதம் துண்டிக்காதீங்க. இரண்டு வான் (இரண்டு இன்டர்நெட் இணைப்பு ஏற்கும் வசதி) உள்ள ரவுட்டரில் 5ஜியை முதலாகவும் டிஎஸ்எல்லை மாற்றாகவும் போட்டு, எத்தனை தடவை மாற்றுக்குத் தாவியது என்று லாக்கில் எண்ணிப் பாருங்க.