சகோதரி சுப்புலட்சுமியைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்க வைத்தவர் சகோதரி சுப்புலட்சுமி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லப் போகிறவர்கள் பிறந்த ஆண்டில் தொடங்க வேண்டாம். 1886 என்றதும் முத்துலட்சுமி ரெட்டியோடு குழப்பிக்கொள்வார்கள். இருவரும் பிறந்தது அதே ஆண்டுதான், பெயரும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. வகுப்பில் எழுதிக் காட்டும் பெரிய மாஜோங் தாள் ஒன்றை நடுவில் மடியுங்கள். ஒரு பக்கம் முத்துலட்சுமிக்கு: சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மறுபக்கம் சுப்புலட்சுமிக்கு: விதவைப் பெண்கள், விடுதி, ஆசிரியப் பயிற்சி.

- - -

மேலே எழுதிய டீச்சருக்கு: அந்த மடித்த தாளில் ஒரு திருத்தம். சட்டமன்றத்தை ஒரு பக்கம் மட்டும் எழுதினால் தப்பாகிவிடும். சுப்புலட்சுமியும் 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவையில் இருந்தவர்.

தொடக்கத்துக்கு வயதுதான் சரி. பதினொரு வயதில் கல்யாணம், சீக்கிரமே கணவர் மரணம். அது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் வயது. அதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். உடனே அடுத்ததுக்குத் தாவாதீர்கள். வீட்டார் தலையை மழிக்கவில்லை, படிக்க வைத்தார்கள், 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார் என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தது 1929இல்தான். அதுவும் பெண்ணுக்குப் பதினான்கு வயது என்றுதான் வைத்தது. பதினொன்று, பதினான்கு என்ற இந்த இரண்டு வயதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

- - -

விடுதி ஏன் வேண்டியிருந்தது என்பதை யாரும் விளக்குவதில்லை, அங்கேதான் பேச்சு தொய்கிறது. பெண்கள் படிக்கப் பெண் ஆசிரியர்கள் வேண்டும். வாழ்க்கை முழுக்க மூலையில் உட்காரவைக்கப்பட்ட இளம் விதவைகளை அந்த வேலைக்குப் பயிற்றலாம் என்று அவர் கண்டார். ஆனால் ஆசாரம் கெடும் என்று வீட்டார் அனுப்பமாட்டார்கள். அதனால் சமையல்கட்டு வழக்கத்தை அப்படியே காத்து, எழும்பூர் வீட்டில் நான்கே பெண்களோடு ஆரம்பித்தார். பிறகுதான் மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த ஆசாரத்தால் விடுதி பெரும்பாலும் பிராமண விதவைகளுக்கே பயன்பட்டது. இதை மறைக்கக்கூடாது, பெரிய பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள்.

- - -

அம்மாமார்களும் வந்திருந்தால் மயிலாப்பூர் வித்யா கலாநிலையத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட வளர்ந்த பெண்களுக்காக 1942இல் தொடங்கியது. நம் பக்கம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்ட அம்மாக்கள் உண்டே, அவர்களுக்கு இது பி.ஏ. பட்டத்தைவிடப் பெரிய செய்தி.