கடலூர் பக்கம் பள்ளி விளையாட்டு விழா: ஒரே மைதானத்தில் ஈட்டியும் ஓட்டமும் சேர்ந்து வைக்கலாமா?

கெடிலக்கரை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் பக்கம் ஒரு உயர்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். பொங்கல் லீவு முடிந்ததும் ஜனவரி கடைசியில் எங்கள் விளையாட்டு விழா. இந்த வருஷம் ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. 6 முதல் 10 வரை 400 பிள்ளைகளுக்கு மேல் இருக்கிறார்கள், பி.டி. சார் ஒருத்தர்தான். மைதானத்தில் 200 மீட்டர் டிராக் போட்டால் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவுதான். ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு, வட்டு, ஈட்டி, மார்ச் பாஸ்ட், பரிசளிப்பு எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும் என்கிறார் ஹெச்.எம். ஓட்டம் நடக்கும்போதே டிராக் நடுவில் ஈட்டியையும் முடித்துவிடலாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. எனக்கு மனசு ஒப்பவே இல்லை. ஆனால் விளையாட்டு தெரியாத டீச்சர் சும்மா பயப்படுகிறார் என்று சொல்லிவிடுவார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் பி.டி.:
மேடம், உங்கள் பயம் சரிதான். ஈட்டி, வட்டு, குண்டு மூன்றையும் விழா நாளிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2019 அக்டோபரில் கேரளாவில் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டியையும், கம்பியில் கோத்த இரும்புக் குண்டைச் சுழற்றி எறிகிற சுத்தியலையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் வைத்திருந்தார்கள். தொண்டராக வந்த பிளஸ் ஒன் மாணவன், விழுந்த ஈட்டியை எடுக்கப் போனவன், தலையில் சுத்தியல் குண்டு விழுந்து, இரண்டு வாரத்துக்கு மேல் சிகிச்சையில் இருந்து இறந்துபோனான். மாநில அளவிலான போட்டி அது, நடுவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஹெச்.எம்.மிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

விழாவுக்கு முந்தைய வாரம் ஒரு காலையில் எறிதல் போட்டிகளை மட்டும் வையுங்கள். போட்டியாளர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள் தவிர மைதானத்தில் யாரும் வேண்டாம். பரிசை விழா நாளில் மேடையில் கொடுங்கள், பிள்ளைகளுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் விடிந்ததும் ஆரம்பிக்காதீர்கள், தை மாசப் பனியில் புல் நனைந்திருக்கும், ஓடிவந்து எறியும்போது கால் வழுக்கும், வட்டும் கையை விட்டு நழுவும். வெயில் பட்டுப் புல் காய்ந்தபின் தொடங்குங்கள், பக்கத்தில் ஒரு பழைய துண்டு இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் வட்டைத் துடைத்துக் கொடுங்கள். வட்டு நேராகத்தான் போகும் என்று நம்பி யாரும் பக்கவாட்டில் நிற்கக்கூடாது, சுழன்று எறியும்போது அது எந்தப் பக்கமும் பிய்த்துக்கொண்டு போகும். எறிபவனுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

சிவப்புக் கொடியும் விசிலும் ஒரே ஆள் கையில் இருக்கட்டும். கொடி மேலே இருக்கிறவரை யாரும் எறியக்கூடாது, கீழே இறங்கிவிட்டால் யாரும் உள்ளே போகக்கூடாது. எடுத்த ஈட்டியைத் திரும்ப எறிவது கூடவே கூடாது, முனை தரையைப் பார்க்க நேராகப் பிடித்து நடந்து வர வேண்டும். பிள்ளைகள் ஓடிப்போய்த்தான் எடுக்கப் பார்ப்பார்கள். தரையில் குத்தி நிற்கிற ஈட்டியின் வால் முனை ஓடிவருபவன் முகத்துக்கு நேராக இருக்கும், கண்ணே போய்விடும்.

ஓட்டத்துக்கு வருவோம். ஃபினிஷ் கோட்டைத் தாண்டி 15, 20 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். 100 மீட்டரை முழு வேகத்தில் முடிக்கிற பையனால் சட்டென்று நிற்க முடியாது. அங்கேதான் பெற்றோர் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், அதனால் முன்கூட்டியே கயிறு கட்டி இரண்டு பேரை நிறுத்துங்கள். ஃபினிஷில் பிடிக்கிற ரிப்பன் கம்பளி நூலாக இருக்கட்டும், நைலான் கயிறு குட்டைப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் சிக்கும். நீளம் தாண்டும் குழி மழைக்காலம் முடிந்து இறுகிப்போய்க் கிடக்கும். ஒரு அடியாவது வெட்டிப் புரட்டி, கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று கையுறை போட்டுத் துழாவிப் பாருங்கள்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம், கோலமாவே போதும். கீழே விழுகிற பிள்ளை கண்ணில் சுண்ணாம்பு பட்டால் புண்ணாக்கிவிடும்.

உப்பனாறு:
நான் நர்ஸ், டீச்சர். பி.டி. சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாப்பாடு. அரசின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்பு வரைதான், உங்கள் பிள்ளைகள் எல்லாம் 6க்கு மேல். விழா அன்று பரபரப்பில் பாதிப் பேர் வெறும் வயிற்றில்தான் வருவார்கள். காலையில் பொங்கலோ இட்லியோ கொடுக்க முடிந்தால் பாதி மயக்கம் குறைந்துவிடும். முடியாவிட்டால் ஆளுக்கு ஒரு வாழைப்பழமாவது கொடுங்கள்.

ஜனவரிதானே என்று விட்டுவிடாதீர்கள். கடலோரப் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்பும் ஆறாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை மருந்துக்கடையில் வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள், பாதி பாதியாக வேண்டாம். ஒரு பிள்ளை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு கொதித்தால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108க்கு ஒருவர் போன் பண்ணட்டும், ஆனால் வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக்கூடாது. நினைவில்லாத பிள்ளை வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை நம்ம ஊரில் இன்னும் விடவில்லை, அதனால் ஒரு பயனும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, கூட்டத்தை விலக்கினால் போதும். 5 நிமிஷத்துக்கு மேல் போனால் 108.

ஓடி முடித்து உட்கார்ந்தபின் தலைசுற்றுவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே தடாலென்று விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றிருக்கலாம். 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சு நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது, விழாவுக்கு முன்பே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு நாலு ஆசிரியர்களாவது செய்து பழகுங்கள். இழுப்பு, வலிப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் யார் யார் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். இன்ஹேலர் வகுப்பு ஆசிரியர் பையில் இருக்க வேண்டும், பூட்டிய வகுப்பறையில் இருந்து என்ன பயன்?

கெடிலக்கரை டீச்சர்:
ரொம்ப நன்றி சார், ரொம்ப நன்றி சிஸ்டர். பாலா விஷயத்தை நாளைக்கே ஹெச்.எம்.மிடம் பேசுகிறேன். இன்னொன்று கேட்க வேண்டும். மார்ச் பாஸ்ட்டுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு, சிறப்பு விருந்தினர் வரும்வரை காக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. போன வருஷம் நின்ற இடத்திலேயே சில பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள். பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

வில்லியனூர் அம்மா:
நான் பாண்டியில் ஹெச்.எம்.மாக இருந்து ஓய்வு பெற்றவள்மா. அழைக்கப் போகும்போதே சொல்லிவிடு: ஐயா, 8 மணிக்குப் போட்டி ஆரம்பித்துவிடும், நீங்கள் எப்போது வந்தாலும் அந்தப் போட்டி முடிந்ததும் மார்ச் பாஸ்ட். இதற்குக் கோபித்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. அவர் வண்டி கேட்டுக்குள் வந்தபின் வரிசை கட்டினால் போதும், ஒத்திகை பார்த்த பிள்ளைகள் சீக்கிரமே நின்றுவிடுவார்கள். அதுவரை நிழலில் உட்காரட்டும். ஷாமியானா விருந்தினருக்கு மட்டும் போடாமல் பிள்ளைகள் பக்கமும் போடச் சொல்லு. செலவு இடிக்கும் என்றால் மேடை அலங்காரத்தில் குறைத்துக்கொள். மதியம் கடல்காற்று எழும்பும், கம்பத்தை மண்ணில் ஆழமாக நட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்களா என்று நீயே போய் ஆட்டிப் பார்.

நெல்லிக்குப்பம் பி.டி.:
அம்மா சொன்னது சரி. மேடம், உங்கள் பி.டி. சாரையும் கூட அழைத்துக்கொண்டு ஹெச்.எம்.மைப் பாருங்கள், எறிதலுக்குத் தனி நாள் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அன்றைக்குக் கொடி பிடிக்க ஆள் இல்லையென்றால் இங்கே சொல்லுங்கள், என் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு நானே வருகிறேன்.