காலேஜ் மேட்சுக்கு மாணவர்களை வரவைக்க யோசனை சொல்லுங்கள்

அமெரிக்காவில் படித்தவர்கள், படிப்பவர்கள் யாராவது உதவுங்கள். நான் முதுகலை படிக்கும் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக விளையாட்டுத் துறையின் விளம்பர வேலை பார்க்கிறேன். இங்கே விடுதியில் தங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் வீட்டிலிருந்து காரில் வந்து, வகுப்பு முடிந்த கையோடு வேலைக்கோ வீட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். கூடைப்பந்து ஆட்டமோ இரவு ஏழு மணிக்கு. நான்கு மணிக்கு வகுப்பு முடித்தவர் அதுவரை எங்கே போய் உட்காருவார்?

இத்தனைக்கும் மாணவர்களுக்கு டிக்கெட் இலவசம், அடையாள அட்டை போதும். (செமஸ்டர் கட்டணத்திலேயே விளையாட்டுக்கென்று பிடித்துவிடுகிறார்கள், பலர் அதைக் கவனிப்பதே இல்லை!) டி-ஷர்ட், பீட்சா எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, வாங்கிக்கொண்டு இடைவேளையில் நழுவிவிடுகிறார்கள்.

ஆர்லாண்டோவில் யூசிஎஃப் (சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம்) அமெரிக்கக் கால்பந்து அணி நகரத்துக்குள் இருந்த சிட்ரஸ் பௌல் ஸ்டேடியத்தில் ஆடிவந்தது, 2007-ல் வளாகத்திலேயே ஸ்டேடியம் கட்டிக்கொண்டது. எங்களுக்கு மைதானம் தூரம் என்ற சாக்கும் இல்லை, வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அணி ஜெயித்தால் கூட்டம் தானாக வரும் என்கிறார்கள் மேலே இருப்பவர்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வார நாளில் மதியம் ஆட்டம் வைத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்றால் வருவார்களா? அப்புறம், இந்திய மாணவர் சங்கம் மாதிரி குழுக்களுக்கு இடைவேளையில் நடனம் ஆட இடம் கொடுத்தால், அவர்களுடைய நண்பர்களாவது கடைசிவரை இருப்பார்களா? பட்ஜெட் ரொம்பச் சின்னது. நவம்பரில் சீசன் தொடங்குகிறது, அதற்குள் சொன்னால் நல்லது.