மறு: இயக்கங்களின் ‘பிராண்டிங்’: முத்திரையாக்கமா, கோலமா?

வணக்கம்.

‘பிராண்டிங்’ என்பதற்குத் தமிழாக முந்தைய மடலில் வந்த ‘முத்திரையாக்கம்’ வணிகத்துக்குச் சரி. சமூக இயக்கங்களைப் பற்றி எழுதும்போது அது உறுத்துகிறது. தமிழில் முத்திரை பெரும்பாலும் அடுத்தவர் குத்துவது. ‘கலகக்காரர் என்று முத்திரை குத்தினார்கள்’ என்கிறோம். வெளியிலிருந்து விழும் பழிக்கும், போராடுகிறவர்கள் தாங்களே தேர்ந்துகொள்ளும் தோற்றத்துக்கும் ஒரே சொல்லா? ‘வணிகக்குறி’ (டிரேட்மார்க்) இன்னும் பொருந்தாது. 1958இல் அணு ஆயுத எதிர்ப்புக்காக ஜெரால்ட் ஹோல்டம் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் வரைந்த அமைதிச் சின்னத்துக்கு யாரும் உரிமை கோரவில்லை. அதனால்தான் எவர் கையும் அதை வரைந்தது.

என் பரிந்துரை: இயக்கக்கோலம்.

போர்க்கோலம், மணக்கோலம், தவக்கோலம் என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. உள்ளே எடுத்த முடிவு உடை, நிறம், நிற்கும் விதம் எல்லாவற்றிலும் வெளியே தெரிவதுதான் இந்தக் கோலங்கள். 1908இல் லண்டன் ஹைட் பார்க்கில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட பெண்கள் வெள்ளை உடுத்தி, ஊதா, வெள்ளை, பச்சை நிறங்களை அணிந்து வந்தார்கள். அதை லோகோ என்று எப்படிச் சொல்வது? லோகோவுக்கு ‘இலச்சினை’ இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். கோலம் முழுமைக்கும் பெயர்.

கோலம் என்றால் மாக்கோலம் நினைவுக்கு வரும் என்று சிலர் சொல்லக்கூடும். முன்னால் ‘இயக்க’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் போய்விடும்.

இன்னொரு வசதி, போலிக்கு ‘வேடம்’ தயாராக இருக்கிறது. 2017இல் வந்த பெப்சி விளம்பரத்தில் ஊர்வலம் இருந்தது, பதாகை இருந்தது, காவலர் வரிசையும் இருந்தது, கோரிக்கைதான் இல்லை. எதிர்ப்பு கிளம்பி மறுநாளே திரும்பப் பெற்றார்கள். அதை ‘இயக்க வேடம்’ என்றால் விளக்கமே வேண்டாம்.

ஆனால் தேர்ந்த கைவேலை எல்லாம் வேடம் என்று ஆகிவிடக் கூடாது. போலந்தில் 1980இல் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கத்தின் இலச்சினையை வரைந்தவர் யெர்ஸி யனிஷெவ்ஸ்கி என்ற வரைகலைஞர். நெருக்கியடித்து நடக்கும் கூட்டம்போல எழுத்துகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். திறமையால் அதன் உண்மை குறையவில்லை.

அப்புறம், ‘ஆதென்டிசிட்டி’க்குச் சொல்லும் ‘நம்பகத்தன்மை’. அது பார்ப்பவர் மனத்தில் உண்டாவது. இயக்கத்திடமே இருப்பதைச் சொல்ல ‘மெய்ம்மை’ நல்லது. 1968இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் ‘நான் ஒரு மனிதன்’ என்ற பதாகைகளை ஏந்தி நடந்தார்கள். ஓர் அட்டை, பெரிய எழுத்து, அவ்வளவுதான். வாசகம் யாரைச் சொன்னதோ அவரே அதைச் சுமந்தார். மெய் என்பதற்கு உடம்பு என்றும் பொருள் இருப்பது இங்கே எவ்வளவு பொருத்தம்!

வினையாக வரும்போது ‘கோலம் பூணுதல்’ போதும். வெளியார் ஒருவர் இயக்கத்துக்கு வடிவமைத்துக் கொடுத்தால் ‘கோலம் புனைதல்’ என்று முதலில் நினைத்தேன், ஆனால் புனைதலில் பொய் வாடை அடிக்கிறது. ‘கோலம் அமைத்தல்’ சரிவருமா? வேறு வினை தோன்றினால் எழுதுங்கள்.