தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 2011 வரை மலேசியா கையில் இருந்தது எப்படி?

கெப்பல்வாசி:
சிங்கப்பூர் நகரத்துக்குள் இருந்த தஞ்சோங் பகார் நிலையம் எப்படி அத்தனை காலம் மலேசிய ரயில்வேயிடம் இருந்தது? அங்கே முதலில் மலேசியாவுக்குள் "நுழைந்து", பிறகுதான் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

தண்டவாளம்:
முதலில் ஒன்று: அது மலேசிய மண் அல்ல. நிலத்தின் உரிமைதான் அவர்களுடையது, ஆட்சி எல்லை சிங்கப்பூருடையது. பலரும் தூதரகம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

1903இல் டேங்க் ரோட்டிலிருந்து வடக்கே போன சிங்கப்பூர் ரயில்வேயை, 1918 சட்டத்தின் வழியாக மலாய்க் கூட்டரசின் ரயில்வேக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நிலம் 999 ஆண்டுக் குத்தகை. அப்போது இரு பக்கமும் பிரிட்டிஷ் ஆட்சி என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோதுதான் அந்தக் குத்தகை வேறொரு நாட்டின் சொத்தாகத் தெரிந்தது. துறைமுகத்தை ஒட்டி இந்த நிலையத்தைக் கட்டி 1932இல் திறந்ததும் அதே ரயில்வேதான்.

பயணச்சீட்டு:
இரண்டாவது கேள்விக்கு: உண்மைதான், ஆனால் 1998 ஆகஸ்ட் 1க்குப் பிறகு மட்டும். அன்று சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை வடக்கு எல்லையிலுள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா தஞ்சோங் பகாரிலேயே நீடித்தது. ஆகவே வடக்கே போகிறவர் இங்கே மலேசியச் சோதனையை முடித்து ரயிலேறி, உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூர்ச் சோதனையை முடித்து, மறுபடி ஏற வேண்டும். வரிசை தலைகீழ். மலேசிய அதிகாரிகள் கடப்பிதழில் முத்திரை குத்தாமல் குடிநுழைவு அட்டையில் மட்டும் குத்தியதால், நுழைந்ததற்குச் சான்றாகப் பயணச்சீட்டையும் அட்டையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது.

கெப்பல்வாசி:
நன்றி. 1990லேயே ஒப்பந்தம் ஆனதாமே? பிறகு ஏன் இருபது வருட இழுபறி?

தண்டவாளம்:
அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் ஜைனுதீனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் நிலங்களைக் கூட்டு நிறுவனம் மேம்படுத்தும், பங்கு மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 40. எப்போது காலி செய்வது என்பதில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். சிக்கலே அங்கேதான். 2010இல் அப்போதைய பிரதமர்கள், மலேசியாவின் நஜிப்பும் சிங்கப்பூரின் லீ சியன் லூங்கும், அந்த நிலங்களுக்கு ஈடாகச் சிங்கப்பூரின் மரினா சவுத், ஓஃபிர்-ரோச்சோரில் மனை தருவதென முடித்தார்கள். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில். ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம். அந்த ஆண்டு முடிவதற்குள் தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்துவிட்டார்கள். அதே பாதையிலிருந்த புக்கிட் தீமா நிலையத்திலும் இரும்புப் பாலங்களிலும் கொஞ்சம் மிச்சம் உண்டு.

கல்தச்சன்:
கட்டடம் இடிபடாது. 2011 ஏப்ரலிலேயே தேசிய நினைவுச்சின்னம் ஆகிவிட்டது. முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள் (வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில்), இத்தாலியச் சிற்பி ரொடோல்ஃபோ நொல்லியின் வேலை. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து: எஃப், எம், எஸ், ஆர். மலாய்க் கூட்டரசு ரயில்வேயின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம்! உள்ளே சுவரில் இருக்கும் பெரிய சித்திரங்கள் ரப்பர் ஓடுகளால் ஆனவை. ரப்பர் வெட்டு, வெள்ளீயச் சுரங்கம், நெல் நடவு எல்லாம் இருக்கும்.

2016 கடைசியில் கட்டடத்தை மூடினார்கள். காரணம், கீழே கான்டோன்மென்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம் கட்டும் வேலை. அதற்காக நடைமேடையின் ஒரு பகுதியையும் அதன் கூரையையும் கழற்றி எடுத்தார்கள். வேலை முடிந்ததும் பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும் என்பது ஏற்பாடு.