லித்தியம் அளவு 0.7-லிருந்து 1.1: மாத்திரை மாறாமலே எப்படி ஏறும்?

நிலாமுற்றம்:
எனக்கு பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய்) முதல் வகை. தினமும் 900 மி.கி. லித்தியம் கார்பனேட். மூன்று மாதத்துக்கு முன் இரத்தத்தில் லித்தியம் 0.7 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்), இந்த வாரம் 1.1. மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனநிலை சமமாகத்தான் இருக்கிறது. கை மட்டும் லேசாக நடுங்குகிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் ஆகும். அதற்குள் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

உப்புக்கல்:
முதலில் மணியைப் பாருங்கள். லித்தியத்துக்கு இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. இரவு 9-க்குப் போட்டால் காலை 9-க்கு. 0.6 முதல் 0.8 வரை என்று சொல்கிறார்களே, அந்த எல்லையே இந்த 12 மணிக் கணக்குக்கு வகுத்ததுதான். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனால் அப்போதுதான் உறிஞ்சப்பட்ட மருந்தும் சேர்ந்து வரும். அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது, வேளை மாறியதா? காலை 450, இரவு 450 என்று இருந்ததை இரவே 900 ஆக்கினால், மொத்தம் அதேதான், ஆனால் 12-ஆம் மணி அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: குழாய். இரத்தம் உறையாமல் இருக்கச் சில குழாய்களில் லித்தியம் ஹெப்பாரின் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பச்சை மூடி. அதில் எடுத்தால் குழாயில் உள்ள லித்தியமும் கணக்கில் ஏறிவிடும். பொதுவாக அந்தத் தவறு 1.1-ஐ விடப் பெரிய எண்ணாக வரும், இருந்தாலும் கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

மணல்கடிகை:
மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் சிறுநீரகத்தின் பக்கம் திரும்ப வேண்டும். லித்தியம் கல்லீரலில் சிதைவதில்லை, கிட்டத்தட்ட முழுக்க சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகத்துக்கோ சோடியத்துக்கும் லித்தியத்துக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. உடலில் உப்போ நீரோ குறைந்தால் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். அளவு ஏறும்.

அதனால் கேட்க வேண்டியவை: காய்ச்சல், வாந்தி, பேதி இருந்ததா? வேர்க்க வேர்க்க வேலை செய்தீர்களா? திடீரென உப்பைக் குறைத்தீர்களா? இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை வந்ததா? தயசைடு வகைச் சிறுநீர் மாத்திரை, எனலாப்ரில், லோசார்டன் போன்றவை லித்தியத்தை ஏற்றும். காபியை அடியோடு விட்டாலும் ஏறலாம், ஏனென்றால் காஃபீன் லித்தியத்தைக் கொஞ்சம் வெளியேற்றிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும்விட அடிக்கடி மாட்டுவது வலி மாத்திரை.

நடுக்கத்தைப் பொறுத்தவரை, கையை நீட்டும்போது மெல்லியதாக, வேகமாக நடுங்கினால் அது வழக்கமான பக்கவிளைவு. கோப்பையைப் பிடிக்க முடியாத அளவு முரட்டு நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல், குழப்பம், மந்தமான தூக்கக் கலக்கம், விடாத வாந்தி பேதி, இவற்றில் எது வந்தாலும் நச்சளவின் அறிகுறி. அடுத்த வேளையைப் போடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நச்சளவு என்று வழக்கமாகச் சொல்லும் 1.5-க்குக் கீழே இருக்கிறதே என்று அப்போது எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயே நச்சாகும்.

நிலாமுற்றம்:
நேரம் சரி, 12 மணி. வேளையும் மாறவில்லை. ஆனால் மூட்டு வலிக்கு ஒன்பது நாளாக டைக்ளோஃபினாக் போகிறது. முரட்டு நடுக்கமோ மற்ற அறிகுறியோ இல்லை. மருத்துவரைப் பார்க்கும்வரை லித்தியத்தை நிறுத்திவிடலாமா?

மணல்கடிகை:
அகப்பட்டுவிட்டது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சன் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து லித்தியத்தைத் தேக்குபவை. வலிக்குப் பாராசிட்டமால் லித்தியத்தோடு ஒத்துப்போகும்.

நான்கு நாள் காத்திருக்காதீர்கள், இன்றே தொலைபேசியில் கேளுங்கள். “1.1, 12 மணி நேர மாதிரி, ஒன்பது நாள் டைக்ளோஃபினாக், நச்சு அறிகுறி இல்லை” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் ஒரு வேளையை விடுவதா, அளவைக் குறைப்பதா என்று அவர் சொல்லிவிடுவார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்வார். வலி மாத்திரை எழுதியவருக்கும் லித்தியம் போவது தெரிய வேண்டும்.

நீங்களாக லித்தியத்தை நிறுத்த வேண்டாம். சட்டென்று விட்டால் மேனியா (மனநிலை அளவுமீறி ஏறும் கட்டம்) திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். நிறுத்தியே ஆக வேண்டும் என்ற நிலையிலும், நச்சளவு போன்ற அவசரம் இல்லையென்றால், குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான் இறக்குவார்கள்.

உப்புக்கல்:
இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1.1-ஐப் பார்த்து லித்தியத்தைக் குறைக்கிறார்கள், அதே வாரம் வலி மாத்திரையும் நிற்கிறது என்று வையுங்கள். சிறுநீரகம் பழையபடி வேலை செய்யும், அளவு 0.7-ஐயும் தாண்டிக் கீழே போய் 0.4-க்கு வந்து நிற்கலாம். அதனால் எந்த மாற்றமானாலும் 5 முதல் 7 நாள் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் எண் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். விட்டுப்போன வேளைக்கு ஈடாக அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடுவதும் கூடாது.

அந்தச் சில வாரங்கள் தூங்கிய மணி நேரத்தைத் தினமும் ஒரு தாளில் குறியுங்கள், பக்கத்தில் மனநிலைக்கு −3 (மிகத் தாழ்வு) முதல் +3 (மிக உச்சம்) வரை ஒரு எண். தூக்கம் வராமல் புரண்டு களைத்துப்போவது வேறு. நான்கு மணி நேரமே தூங்கி, களைப்பே தெரியாமல் எழுந்து சுறுசுறுப்பாகத் திரிவது வேறு. பின்னது மேனியா வருவதன் அறிகுறியாக இருக்கலாம். அது இரண்டு இரவு தொடர்ந்தால், மனநிலைக் கட்டத்தில் 0 என்றே எழுதியிருந்தாலும், மூன்றாம் இரவுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நிலாமுற்றம்:
பேசியாயிற்று. டைக்ளோஃபினாக் நிறுத்தம், இன்றிரவு வேளை மட்டும் வேண்டாம், நாளை முதல் அதே 900. கிரியேட்டினின் நாளைக் காலை, லித்தியம் அடுத்த வாரம். தாளில் கட்டம் போட்டுவிட்டேன்.