பழைய காருக்குப் பூட்டு: கண்ணில் படுவதா, மறைந்திருப்பதா?

நிலவன்
அப்பா 1992-இல் வாங்கிய கார் இப்போது என்னிடம் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, கார்புரேட்டர், கையால் போடும் கியர். போன வாரம் எங்கள் தெருவில் இதே வயதுள்ள ஒரு வண்டி இரவோடு இரவாகக் காணாமல் போனது. அன்றிலிருந்து ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். வண்டியோடு வந்த ஸ்டீயரிங் லாக்கைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. ஸ்டீயரிங்கின் குறுக்கே மாட்டும் இரும்புப் பூட்டு, கியர் கம்பியை அசையவிடாமல் பூட்டும் கியர் லாக், மின்சாரத்தைத் துண்டித்து எஞ்சினைக் கிளம்பவிடாமல் செய்யும், யாருக்கும் தெரியாத கட் ஸ்விட்ச் என்று மூன்று யோசனை இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

இரும்புப்பட்டறை
ஸ்டீயரிங் பூட்டில் தொடங்குங்கள் தம்பி. மஞ்சளோ சிவப்போ, தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கிற நிறமாக இருக்கட்டும். திருடன் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கும் அந்த இரண்டு விநாடியில்தான் உங்கள் கார் தப்புவதா போவதா என்பது முடிவாகிறது. அவன் கண்ணில் படாத பூட்டு அந்த நேரத்தில் எதற்கும் உதவாது.

மறைசாவி
அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. காரணம் அனுபவம். என் பழைய காரில் அப்படி ஒரு பூட்டு போட்டிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் பூட்டு சேதமில்லாமல் சீட்டில் கிடக்கிறது. பூட்டை அவன் தொடவே இல்லை. ஸ்டீயரிங் வளையத்தை ரம்பத்தால் ஒரு இடத்தில் அறுத்து, வளைத்து, பூட்டை உருவி எடுத்திருக்கிறான். அறுபட்ட இடத்தைப் பார்த்தேன். மேலே கறுப்புப் பிளாஸ்டிக், உள்ளே என் சுண்டுவிரலைவிட மெல்லிய கம்பி. பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தால் என்ன, அது பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கம்பியைத்தானே?

கட் ஸ்விட்ச் இருந்ததால் வண்டி கிளம்பவில்லை. அது மட்டும்தான் காரைக் காப்பாற்றியது.

இரும்புப்பட்டறை
வண்டி தப்பியது சந்தோஷம். ஆனால் ஸ்டீயரிங் போனது, கதவுக் கண்ணாடியும் போயிருக்கும், சாவி போடும் இடமும் உடைந்திருக்கும். முப்பது வருட வண்டிக்கு அந்தச் சாமான்களைத் தேடி அலைவது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். மறைவான ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டுமானால் திருடன் முதலில் உள்ளே வந்தாக வேண்டும். நான் அவன் கையை வைக்கும் முன்பே தடுக்கப் பார்க்கிறேன்.

இன்னொன்று. 2022-இல் அமெரிக்காவில், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் கருவி இல்லாத கியா, ஹூண்டாய் கார்கள் வரிசையாகத் திருடு போயின. அப்போது அந்த நிறுவனங்களே காவல் துறை வழியாக வண்டிக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது இதே இரும்புப் பூட்டைத்தான்.

மறைசாவி
கூடவே மென்பொருளையும் மாற்றிக் கொடுத்தார்கள் அண்ணே. பூட்டு மட்டும் போதும் என்றால் அது எதற்கு?

நிலவன், உங்கள் வண்டிக்கு அந்த வழி இல்லை. சாவிக்குள் சிப் வைத்து, அதை வண்டி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும் என்பது இம்மொபிலைசர். ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு 1998-இல்தான் அதைக் கட்டாயமாக்கினார்கள், கனடாவில் 2007-இல். உங்கள் கார் அதற்கெல்லாம் மூத்தது. அந்த வேலையை ஒரு ஸ்விட்ச் செய்ய வேண்டியதுதான்.

கண்ணில் படும் பூட்டைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் வேறு. உங்கள் வண்டியில் பூட்டு இருந்தால் திருடன் வீட்டுக்கா போகிறான்? பக்கத்து வண்டிக்குப் போகிறான். அயர்ஸ், லெவிட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1998-இல் இதை ஆராய்ந்தார்கள். திருடு போன வண்டியைக் காவல் துறை தேடிப் பிடிக்க உதவும் லோஜாக் என்ற மறைவான ரேடியோ கருவி எந்த வண்டியில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. அதனால் அது புழங்கும் ஊர்களில் கருவி இல்லாத வண்டிகளும் திருட்டிலிருந்து தப்பின என்று கண்டார்கள்.

இரும்புப்பட்டறை
ஊர் முழுக்க அந்தக் கருவி இருந்தால் சரி. நிலவன் ஒருவர் மட்டும் ஒரு ஸ்விட்சை ஒளித்து வைத்தால் தெருவில் யாருக்கு என்ன லாபம்? தன் அப்பாவின் வண்டியை அவர் முதலில் காப்பாற்றட்டும், அதில் தப்பே இல்லை.

பட்டறை வள்ளி
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். இருவரும் வாசலில் நின்று சண்டை போடுகிறீர்கள், வாசல் திறந்தே கிடக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

நிலவன், இரண்டு சோதனை செய்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது சாவியை மெல்ல இழுங்கள், கையோடு வருகிறதா? அப்புறம் வீட்டில் கிடக்கும் வேறு ஏதாவது காரின் பழைய சாவியை நுழைத்துப் பாருங்கள், திரும்புகிறதா? இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் உங்கள் இக்னிஷன் பூட்டு பூட்டே அல்ல. உள்ளே வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கும். முப்பது வருடம் சாவி உரசி உரசி அவை தேய்ந்துவிடும், சாவியின் பற்களும் மழுங்கிவிடும். என்னிடம் வரும் பழைய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கதவுப் பூட்டும் இதே கதைதான்.

தகடுகளை மாற்றலாம், பூட்டை மொத்தமாகவும் மாற்றலாம். ஒன்றே ஒன்று, தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டாதீர்கள். தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். பல பழைய வண்டிகளில் சாவி எண்ணைப் பூட்டின் மேலோ, முதல் சாவியோடு வந்த சிறு தகட்டிலோ பொறித்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

நிலவன்
வள்ளி அக்கா, இப்போதுதான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி கையோடு வந்துவிட்டது. என் தங்கை வண்டியின் சாவியும் திரும்புகிறது. வயிற்றைக் கலக்குகிறது. இத்தனை வருடம் இப்படியே வெளியில் நிறுத்தியிருக்கிறேன்.

டீசல் துரை
ஸ்விட்ச் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், படிப்பவர்களில் என்னைப் போல் பழைய டீசல் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். பெட்ரோல் வண்டியில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினால் பொறி வராது, எஞ்சின் நின்றுவிடும். பழைய டீசலில் பொறியே கிடையாது. பம்ப்பில் இருக்கும் சோலினாய்டுக்கு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வுக்கு, மின்சாரம் போனால் டீசல் திறக்கும், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து ஒரு வயரை அதற்கு நேராகக் கொடுத்தால் உங்கள் ஸ்விட்ச் வீண். அதனால் நான் கியர் லாக்தான் போட்டேன். ரிவர்ஸில் போட்டுப் பூட்டிவிடுவேன்.

பட்டறை வள்ளி
துரை அண்ணன் சொல்வது சரி. ஆனால் கியர் லாக் போடும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள். பழைய வண்டியில் விரிப்புக்கு அடியில் துரு தின்றிருக்கும். பூட்டின் போல்ட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், துருப்பிடித்த தகட்டில் இறுக்கினால் தகட்டோடு பெயர்ந்து வரும். அடியில் ஒரு இரும்புத் தகடு வைத்து இறுக்கினால் நிற்கும்.

ஸ்விட்ச் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஸ்டார்ட்டர் கம்பியிலா, காயில் கம்பியிலா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்டார்ட்டரை நிறுத்தினால் ஆபத்து இல்லை, ஸ்விட்ச் கெட்டாலும் ஓடும் வண்டி நடுவழியில் நிற்காது. ஆனால் தள்ளி கியரில் விட்டால் கிளம்பிவிடும். காயிலை நிறுத்தினால் தள்ளினாலும் கிளம்பாது. ஆனால் மட்டமான ஸ்விட்ச் போட்டு அது வேகமாகப் போகும்போது விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. நல்ல ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்), தடித்த வயர், இறுக்கமான இணைப்பு, இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பேட்டரியையே துண்டிக்கும் ஸ்விட்ச் என்றால், எஞ்சின் ஓடும்போது அதைத் திருப்பக் கூடாது. ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் டையோடு போய்விடும்.

மறைசாவி
ஒப்புக்கொள்கிறேன். என்னுடையது காயிலில் இருக்கிறது, ஆனால் ரிலே வழியாக. புதிதாக எந்தப் பொத்தானும் வைக்கவில்லை. டேஷ்போர்டில் ஏற்கெனவே சும்மா இருந்த பனிவிளக்கு ஸ்விட்சைப் பயன்படுத்தினேன். ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பழைய வண்டி, மக்கர் செய்கிறது என்றுதான் திருடன் நினைப்பான்.

ஸ்விட்சே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. 1940-இல் பிரிட்டனில், எதிரிப் படை வந்து இறங்கினால் வண்டிகள் கையில் சிக்கக் கூடாது என்று, நிறுத்திய காரை ஓட முடியாதபடி செய்துவிட்டுப் போக வேண்டும் என உத்தரவு போட்டார்கள். பலர் செய்தது, பொறி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் ரோட்டார் என்ற சிறு துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனதுதான். நிலவனின் காரிலும் அது இருக்கும். ஊருக்குப் போகும் நாட்களில் ஒரு நிமிட வேலை.

இரும்புப்பட்டறை
ரோட்டார் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியும் சொல்கிறேன், தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு எஞ்சின் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? கயிறு கட்டி இழுக்க வேண்டுமென்றால் ஸ்டீயரிங் திரும்ப வேண்டும். இரும்புப் பூட்டு அங்கே நிற்கும்.

தம்பி, வாங்கினால் சாவித் துளை டேஷ்போர்டைப் பார்க்கும்படி மாட்டுங்கள், டிரில் வைக்க இடம் கிடைக்காது. வட்டமான குழல் சாவி உள்ள மலிவுப் பூட்டு வேண்டாம். பக்கவாட்டில் குழி குழியாக வெட்டிய சாவி உள்ளதாகப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை என்று கடைக்குப் போனாலும் மாட்டுங்கள். மாட்டாமல் பின் சீட்டில் கிடக்கும் பூட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மறைசாவி
பூட்டை அவர் மாட்டட்டும், நான் தடுக்கவில்லை. அதை மட்டும் நம்பித் தூங்க வேண்டாம் என்கிறேன். அறுபட்ட அந்த வளையத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

நிலவன்
எல்லோருக்கும் நன்றி. முதலில் இக்னிஷனையும் இரண்டு கதவுப் பூட்டுகளையும் சரி செய்துவிட்டேன். சாவி எண் ஓட்டுநர் பக்கக் கதவுப் பூட்டைக் கழற்றியபோது அதன் மேலேயே இருந்தது. சிவப்பு ஸ்டீயரிங் பூட்டு வாங்கியாயிற்று. காயில் ஸ்விட்சை அடுத்த மாதம் வள்ளி அக்கா சொன்ன மாதிரி ரிலேயோடு போடுகிறேன், அதுவரை ராத்திரியில் ரோட்டார் என் சட்டைப்பையில்.

புதுச் சாவியையும் அப்பாவின் பழைய சாவியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் பற்கள் இருந்த இடமெல்லாம் கடற்கரைக் கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. அதைப் போட்டுத் திருப்பினேன், அசையவில்லை. நேற்று ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தேன்.